பொய்த்தரை

கப்பல் முழுக்க அவருக்கு இறால் சார் என்றுதான் பெயர். தான் அளப்பது இறால் இல்லை, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான கிரில் என்று வந்த புதிதில் ஒவ்வொருவரிடமும் விளக்கிப் பார்த்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "புரிஞ்சுது இறால் சார்" என்று போய்விட்டார்கள். அதற்குமேல் அவரும் மல்லுக்கட்டவில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் பூச்சியைத் தின்றுதான் அவர்கள் கப்பல் சுற்றும் குளிர்கடலில் திமிங்கிலம் முதல் பறவை வரை எல்லாம் பிழைக்கின்றன. அது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் மீன்பிடிக் கப்பல்கள் எவ்வளவு அள்ளலாம் என்று சொல்ல முடியும். அந்த அளவைச் சொல்வது அவர் வேலை.

கேட்பதற்கு எளிமையான வேலைதான். கப்பலின் அடிவயிற்றில் பதித்திருக்கும் சோனார் கருவி கடலுக்குள் ஒரு சத்தம் போடும். சத்தம் கீழே போய், எதில் பட்டதோ அதிலிருந்து திரும்பி வரும். வந்தது திரையில் புள்ளியாக விழும். கொஞ்சம் பொறுத்து அடுத்த சத்தம், அடுத்த புள்ளி. புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து கூட்டம் கூட்டமாகத் திரையில் நிறம் ஏறும். கருவிக்கு இரண்டு குரல் உண்டு, ஒன்று தடித்தது, ஒன்று கீச்சு. கிரில் கூட்டம் கீச்சுக் குரலுக்குத்தான் பலமாகப் பதில் சொல்லும், தடித்த குரலுக்கு லேசாக முனகும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இது கிரில், இது மீன், இது வேறு ஏதோ என்று பிரிப்பார்கள். கப்பல் நூல் பிடித்தாற்போல் நேர்க்கோட்டில் போகவேண்டும். பகலில் மட்டும்தான் அளக்கலாம். பொழுது சாய்ந்தால் கிரில் எல்லாம் மேலே ஏறி, கருவிக்கும் மேலே போய்விடும். காலடியில் இருப்பதைக் கேட்கும் கருவிக்குத் தலைக்கு மேலே இருப்பது தெரியாது.

அவர் அறை கப்பலின் நடுவில், ஜன்னல் இல்லாமல் இருந்தது. திரைகள், தரையோடு திருகி வைத்த நாற்காலி, ஆட்டத்தில் கோப்பை வழுக்காமலிருக்க மேஜையில் ஒரு ஈரத்துணி. காலையில் உள்ளே போனால் வெளிச்சம் போகும்வரை அங்கேதான். அவர் சாப்பிட வருவதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவியிருப்பார்கள். சமையல்காரர் மூடி வைத்ததைத் திறந்து, நீள மேஜையின் ஒரு கோடியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிடுவார். துணைக்கு ஆளில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் சுபாவம் அவருக்கு இல்லை. ஆனால் திரையோடு பேச ஆரம்பித்திருந்தார். "வாம்மா, எங்க போயிருந்த இத்தனை நேரம்?" என்று அவர் ஒரு கிரில் கூட்டத்தைக் கொஞ்சியதை வலை மேடம் ஒருநாள் கேட்டுவிட்டார்.

வலை மேடமும் விஞ்ஞானிதான். திரையில் தெரிவது நிஜமாகவே கிரில்தானா என்று வலையை இறக்கிப் பிடித்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. வாய் கொஞ்சம் துடுக்கு. "இவ்வளவு ஆசையா வீட்ல பேசுவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். விளையாட்டாகக் கேட்டதுதான். அன்று முழுக்க இறால் சாருக்கு அது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

வீட்டு விஷயம் இப்படி. கல்யாணமானதிலிருந்து பாதி வாழ்க்கை கடலில் போயிற்று. மகள் பிறந்தபோது கடலில் இருந்தார். அந்த மகளுக்குக் குழந்தை பிறந்தபோதும் கடலில்தான் இருந்தார். மனைவி சண்டை போடுகிற ரகம் இல்லை. போட்டிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடுவாள். இந்த முறை கிளம்பும்போது, அவருடைய கம்பளிக் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நீங்க இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் இப்பல்லாம் எனக்கு வித்தியாசமே தெரியலைங்க." கோபமாகச் சொல்லவில்லை. காஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மகள் வேறு ஊரில் இருந்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்கும் போக வேண்டும். அம்மா வந்து கூடவே இருந்துவிட வேண்டும் என்று அவள் நச்சரிக்க ஆரம்பித்து மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா இன்னும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இவர் கேட்டதும் இல்லை. தான் திரும்பிப் போகும்போது கதவைத் திறக்க அவள் வீட்டில் இருக்க வேண்டும். இந்தப் பயணம் முழுக்க அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆகவே, பல நாள் மனசுக்குள் எழுதி எழுதி அழித்தபிறகு, கேப்டன் நிற்கும் மேல்தளத்து அறைக்குப் போனார். அங்கே பின்சுவரில் செய்திப் பெட்டி இருந்தது. அதில் தட்டெழுதினால் விண்ணுக்குப் போய், மனைவியின் ஃபோனில் இறங்கும். அவர் எழுதினார்: "இந்தப் பயணத்தோட கடலை விட்டுடலாம்னு பாக்கறேன். கரையிலயே ஒரு மேஜை வேலை கேட்டு வாங்கிக்கவா? நீ என்ன சொல்ற?"

பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

வராததற்குக் காரணம் இருக்கலாம் என்று அவருக்கே தெரியும். கப்பல் ஒரு திசையில் போகும்போது புகைபோக்கி ஆண்டெனாவுக்குக் குறுக்கே நின்றுவிடும். செய்திகள் வரிசையில் காத்துக் கிடக்கும். கப்பல் திரும்பினால்தான் வழி பிறக்கும். சில சமயம் அலையில் கப்பல் சாயும்போது ஒரு நிமிஷம் வழி கிடைக்கும். அப்போது வரவேண்டியது முதலில் வரும், போகவேண்டியது பிறகுதான் போகும். வந்த செய்தியில் கப்பலுக்கு வந்து சேர்ந்த நேரம் இருக்கும், வீட்டிலிருந்து கிளம்பிய நேரம் இருக்காது. இதெல்லாம் கப்பலில் எல்லோருக்கும் அத்துப்படி. ஆனால் மனைவியின் பதிலுக்குக் காத்திருக்கும் மனுஷனுக்குப் புகைபோக்கியா கண்ணில் படும்? பாதி வாழ்க்கைக்குப் பிறகு வாயைத் திறந்து ஒன்று கேட்டால், அதற்கும் பதில் இல்லையா என்றுதான் பட்டது. தொலைபேசி கேப்டன் வசம் ஒன்று இருந்தது, அவசரத்துக்கு மட்டும். பெண்டாட்டி பதில் போடவில்லை என்பது எந்த ஊரில் அவசரம்?

ஒரு காலையில் வேலை தொடங்கும் முன் மேலே போனார். ராத்திரியெல்லாம் புரண்டு படுத்த எரிச்சலில் எழுதினார்: "பதில் போடக்கூட மனசு இல்லைன்னா நீ மக வீட்டுக்கே போயிடு. எனக்காக அங்க காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்." அனுப்பும் பொத்தானை அழுத்தினார். திரும்பி நாலு எட்டு வைப்பதற்குள் பெட்டி பீப் என்றது. மனைவியிடமிருந்து பதில்.

"சரிங்க. எனக்கும் அதுதான் நிம்மதி."

அவர் அதை மறுபடி படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது? போ என்றார், நிம்மதி என்றுவிட்டாள். இதற்காகத்தான் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று காத்திருந்திருக்கிறாள். படியிறங்கிக் கீழே வந்து, ஜன்னல் இல்லாத அறையில் திருகி வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அங்கே யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதார்.

அன்று உச்சிப்பொழுதில் திரையில் அது தெரிந்தது. கடலின் மேல்பாதியில், தடிமனான ஒரு நீண்ட பட்டை. முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இத்தனை பெரிய கூட்டத்தை அவர் தன் ஆயுளில் பார்த்ததில்லை. உட்கார முடியாமல் எழுந்து நின்றுவிட்டார். இழந்ததற்கு ஈடாக ஏதோ ஒன்று கிடைத்த சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளலாம். தடித்த குரலுக்குப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. கீச்சுக் குரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கிரிலாக இருந்தால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? அவர் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, கீச்சுக் குரலுக்கு இன்று ஏதோ கோளாறு போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வேண்டியதை நம்புவதற்கு மனசு எந்தச் சாக்கையும் தேடிப் பிடிக்கும்.

கேப்டனைக் கூப்பிட்டார்.

"கப்பலைத் திருப்பணும். வலை இறக்கிப் பாத்தே ஆகணும்."

"நேர்க்கோட்டை விட்டு விலகக் கூடாதுன்னு நீங்கதானே எங்களைப் பாடாப் படுத்துவீங்க?"

"இது வேற. திருப்புங்க."

கப்பல் பெரிய வட்டமடித்து, வந்த வழியே திரும்பியது. வலை இறங்கியது, ஏறியது. சற்று நேரத்தில் வலை மேடம் ரப்பர் பூட்ஸோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், உங்க கூட்டம் வரல. ஒரே ஒரு ஜெல்லி மீன் வந்துச்சு. உங்களை ரொம்ப விசாரிச்சுது."

"வலையை ஆழத்துல சரியா இறக்கினீங்களா?"

"நான் சரியாத்தான் இறக்கினேன். நீங்க அந்த இடைவெளியை மாத்திப் பாத்தீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் விடும் இடைவெளியைத்தான் சொல்கிறார். மாற்றினார். திரையில் அத்தனை நேரம் அசையாமல் கிடந்த பட்டை, ஒரே தாவலில் வேறு ஆழத்துக்குப் போய்விட்டது. நிஜமான கிரில் கூட்டம் இப்படித் தாவாது. இது கடலின் அடித்தரை. மிக ஆழத்தில் இருக்கிற தரையிலிருந்து எதிரொலி திரும்பி வரத் தாமதமாகும். அதற்குள் கருவி அடுத்த சத்தத்தைப் போட்டுவிட்டால், முந்தின சத்தத்துக்கு வந்த எதிரொலி இந்தச் சத்தத்துக்கு வந்ததுபோல், பக்கத்திலேயே ஏதோ இருப்பதுபோல் திரையில் விழும். பொய்த்தரை என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

"முதல் வருஷப் பிள்ளைங்க பண்ற தப்பு சார்," என்றார் வலை மேடம். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "உடம்பு சரியில்லையா?"

இறால் சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் கேட்டதற்கு வந்த பதில். நாலு எட்டு வைப்பதற்குள் பீப் என்று வந்த பதில். அந்த நாலு எட்டுக்குள் செய்தி வீட்டுக்குப் போய், அவள் ஃபோனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பி, அது இங்கே வந்து சேருமா? கடலை விட்டுவிடவா என்று கேட்டதற்கல்லவா அவள் நிம்மதி என்று சொல்லியிருக்கிறாள்!

படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடினார். போ என்று எழுதிய செய்தி இன்னும் வரிசையில்தான் கிடக்க வேண்டும். இந்தக் கோடு முடிந்து கப்பல் திரும்பச் சாயங்காலம் ஆகும். அதற்குள் அழித்துவிடலாம். பெட்டியின் திரையில் பார்த்தார். 'போய்விட்டது' என்றிருந்தது. உச்சிப்பொழுது தாண்டியதும் போயிருந்தது. கப்பல் எப்போது திரும்பியது என்று கேப்டனைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. திருப்பச் சொன்னதே இவர்தானே. தன் கையாலேயே கப்பலைத் திருப்பி, புகைபோக்கியை விலக்கி, அந்த வார்த்தையை வீட்டுக்கு வழியனுப்பி வைத்திருந்தார்.

மளமளவென்று எழுதினார்: "காலையில அனுப்பினதை விட்டுடு. தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். எங்கயும் போகாத. கடலை விட்டுட்டு வரேன். வீட்லயே இரு."

வழி திறந்துதான் இருந்தது, உடனே போயிற்று. பெட்டிக்கு முன்னால் நின்றார். நிற்கிறாரே என்று கேப்டன் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். பொழுது சாய்வதற்கு முன் பீப் என்றது.

"சரி."

ஒரே ஒரு சரி. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போ என்றதற்குச் சரியா, இரு என்றதற்குச் சரியா? அரை நாளைக்குள் முன்னுக்குப் பின் முரணாக இரண்டைச் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே இடைவெளியே விடவில்லை. வந்திருப்பது எதனுடைய பதில் என்று எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில்தான் நம் ஆள் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினார். வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே இன்னொரு செய்தியைத் தட்டியிருப்பான். கேப்டன் காலில் விழுந்தாவது தொலைபேசியை வாங்கியிருப்பான். இவர் யோசித்தார். பொய்த்தரையைப் போக்க ஒரே வழி, இடைவெளியைக் கூட்டுவது. பழைய சத்தமெல்லாம் அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஒன்றே ஒன்று கேட்டால், வருகிற பதில் சுத்தமாக இருக்கும். இன்னும் அவசரப்பட்டு எழுதினால் குழப்பம் கூடத்தான் செய்யும். தொழிலில் ஒருநாளும் அவரைக் கைவிடாத முறை அது.

காத்திருந்தார். கஷ்டப்பட்டுத்தான் காத்திருந்தார். தினமும் வேலை முடிந்து மேலே போய், பெட்டியைப் பார்ப்பார். கை துருதுருக்கும். ஒன்றும் எழுதாமல் இறங்கிவிடுவார். அவளிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார், எதிரொலிகள் அடங்குகின்றன என்று. நீள மேஜையின் கோடியில் தனியாகச் சாப்பிடும்போது, இவ்வளவு பொறுமை தனக்கு இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கிரில் நிறைய இருந்தது அந்த நாட்களில். பக்கம் பக்கமாக அளந்து தள்ளினார்.

போதும் என்று தோன்றிய ஒருநாள், கப்பல் நல்ல திசையில் இருந்தபோது, நிதானமாக எழுதினார்: "எங்க இருக்க?"

பதில் சீக்கிரமே வந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத, சுத்தமான பதில்.

"மக வீட்ல. நேத்துதான் வந்தேன்."

*

கரைக்கு வந்ததும் அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேரே மகள் ஊருக்குப் பஸ் ஏறினார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தது மனைவிதான். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாங்க என்று சொல்லி, பெட்டியை வைக்க இடம் காட்டி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர்களுக்குச் செய்வதுபோல் எல்லாம் ஒழுங்காகச் செய்தாள்.

"கடலை விட்டுட்டேன்," என்றார். "எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே கரையிலதான்."

"நல்லதுங்க."

"நீ நேத்துதான் வந்தேன்னு போட்டிருந்தியே. அதுவரைக்கும் வீட்லயா இருந்த?"

"இருன்னு சொன்னீங்க. சரின்னேன். இருந்தேன்." குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். "அப்புறம் உங்ககிட்டேருந்து ஒரு வார்த்தை இல்ல. தினமும் ஃபோனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். காலையில போன்னு சொன்ன மனுஷன், மத்தியானம் இருன்னு சொன்ன மனுஷன், இப்ப எதுவுமே சொல்லலியே, மறுபடி மனசு மாறிடுச்சோன்னு. கேக்கவும் பயமா இருந்துச்சு. ஒருநாள் மக ஃபோன்ல அழுதா. கிளம்பி வந்துட்டேன்."

அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். புகைபோக்கி, பட்டை, பொய்த்தரை, இடைவெளி, ஒன்று விடாமல். பழைய எதிரொலிகள் அடங்கினால்தான் பதில் சுத்தமாக வரும் என்பதையும், அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். குழந்தையின் சட்டை ஒன்று மடியில் பாதி மடித்தபடி கிடந்தது.

"நான் என்ன கடலா?" என்றாள்.

அவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"புரியலைன்னா திருப்பிக் கேக்கறதுதானே? பத்து தடவை கேட்டிருந்தா பத்து தடவை சொல்லியிருப்பேன். அந்தப் பூச்சியை மூச்சு விடற நேரத்துக்குள்ள கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேக்கறீங்க, இருக்கியா இருக்கியான்னு. என்னை ஒரு தடவை கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டீங்க." அத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"வீட்டுக்கு வர்றியா?" என்றார்.

"இப்ப இல்லைங்க. இங்க என்னைத் தேடறாங்க." தொட்டிலைப் பார்த்தாள். "நீங்க போங்க. வீடு பூட்டியே கிடக்கு."

சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிட்டார். மேஜை வேலை கிடைத்தது. பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வரும் வேலை, ஜன்னலும் உண்டு. மற்றவர்கள் கடலிலிருந்து அனுப்பும் படங்களில் கூட்டங்களைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுப்பார். வேலை முடிந்து வந்து, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் வீட்டுக்கு ஃபோன் செய்வார்.

"வர்றியா?"

"இப்ப இல்லைன்னு நேத்தே சொன்னேன்ல."

"நேத்து சொன்னது நேத்துக் கேட்டதுக்கு. இன்னிக்குக் கேக்கறேன்."

"இன்னிக்கும் இல்ல."

"சரி. நாளைக்குக் கேக்கறேன்."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"கேளுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவர் எழுந்து போய், ஒரு ஆளுக்குச் சமைக்க அடுப்பைப் பற்றவைத்தார்.